நான்தாங்க குறுக்க வந்துட்டேன்

அடுத்தவருக்குச் சட்டம் சொல்வதைப் போல எளிதான வேலை உலகத்தில் இல்லை. நம் மேல் ஒரு வண்டி மோதும் வரைக்கும்.

சாலை விபத்து இழப்பீட்டு வழக்குகளை விசாரிக்கும் தீர்ப்பாயத்தில் சிரஸ்தாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். (சிரஸ்தார் என்றால் தலைமை எழுத்தர். நீதிபதிக்கு அடுத்தபடியாக எல்லாம் தெரிந்தவர் என்று ஊர் நினைக்கும். அடுத்தபடி என்பதில் எங்களுக்குக் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு.) ஓய்வு பெற்ற மறுவாரமே அனுப்பர்பாளையத்தில் எங்கள் தெருமுனை பேக்கரியில் ஞாயிறு காலைகளில் சபை கூட ஆரம்பித்தது. பனியன் கம்பெனி ஆட்கள் டீயும் சந்தேகமுமாக வருவார்கள்.

"ஐயா, நடந்து போனவன இடிச்சாலும் பணம் உண்டுங்களா?"

"உண்டு. நடப்பது குற்றமில்லை."

"இடிச்ச வண்டிக்காரருக்கு லைசென்ஸே இல்லீன்னா?"

"அது அவருக்கும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் உள்ள சண்டை. நீ மனுப் போடு."

எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லிவிட்டு, கடைசியில் ஒரு உபதேசம் செய்வேன். "அடிபட்ட இடத்தில் வாயைத் திறக்காதீர்கள். 'என் மேலும் தப்பு' என்று செத்தாலும் சொல்லாதீர்கள். சொன்னால் உங்கள் கவனக்குறைவும் சேர்ந்தது என்று தொகையில் பிடித்துக்கொள்வார்கள். முதல் வேலையாக யாராவது செல்போனில் படம் எடுங்கள்."

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. எங்கள் கொங்குப் பக்கத்து மரியாதை அப்படி. பஸ்ஸில் காலை மிதித்தவரிடம் மிதிபட்டவர், "பரவால்லீங்க, நா காலத் தள்ளி வெச்சிருக்கோணும்" என்பார். இந்த ஒரு வாக்கியத்தால் தொலைந்த இழப்பீட்டை என் கண்ணாலேயே எத்தனையோ தீர்ப்புகளில் பார்த்திருக்கிறேன்.

சபைக்கு ஜெயந்தி என்ற பெண்ணும் வருவாள். பனியன் கம்பெனியில் ஓரம் தைக்கும் ஓவர்லாக் டெய்லர். காங்கேயம் சாலையில் லாரி மோதிக் கணவர் போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. ஒரு மகள், ஒரு மாமியார். மனைவி, பிள்ளை, தாய் மூவருமே கேட்கலாம், விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும் என்று வாராவாரம் சொல்வேன். அவள் வாராவாரம் தலையாட்டுவாள்.

"கோர்ட்டுக்குப் போனா செருப்புத்தான் தேயும்னு எல்லாரும் சொல்றாங்க ஐயா. அவரு போனதுக்குப் பேரம் பேசற மாதிரி வேற இருக்குதுங்க."

அந்த நிலையில்தான் எனக்கு விபத்து நடந்தது.

ஒரு திங்கட்கிழமை. பாத்திரப் பட்டறை ஒன்றின் முன்னால், சாலையின் ஓரத்துக்கும் ஓரத்தில், சிலை மாதிரி நின்றுகொண்டிருந்தேன். முன்னும் பின்னும் பனியன் பண்டல் அடுக்கிய மொபெட் ஒன்று வந்தது. ஓட்டியவர் தலை மட்டும் பண்டலுக்கு மேல் தெரிந்தது. அவருக்கு நான் அந்த அளவுகூடத் தெரியவில்லை. மோதியதில் நான் ஒரு பக்கம், மொபெட் ஒரு பக்கம். என் வலது மணிக்கட்டு இருக்கக் கூடாத ஒரு கோணத்தில் இருந்தது.

அந்தக் கணத்தில் அத்தனை வருடச் சட்ட அறிவும் ஒன்றாகத் திரண்டு, என் வாய் வழியாக இப்படி வந்தது:

"கண்ணு, அடி கிடி படலியே? நான்தாங்க குறுக்க வந்துட்டேன்."

அதோடு நின்றேனா? மோதியவர் பேர் செல்வின். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், முப்பத்தைந்து வயதிருக்கும். "ஐயா, மன்னிச்சிருங்க" என்று அழுதார். நான் இடது கையால் அவருடைய பண்டலைத் தூக்கிக்கொண்டு, "மழ வர்றாப்ல இருக்குது, துணி நனைஞ்சிரும். ஊட்டுக்கு வாங்க, ஒரு காப்பி குடிச்சிட்டுப் போலாம்" என்று அழைத்தேன்.

ஷிஃப்டுக்குப் போய்க்கொண்டிருந்த ஜெயந்தி அங்கே நின்றிருந்தாள். நான் சொல்லிக்கொடுத்தபடி முதல் வேலையாக வீடியோப் படம் எடுத்திருந்தாள். ஒலியும் ஒளியும் மிகத் துல்லியம். எனக்கு உதவும் என்று போலீஸிடமும் அதைக் கொடுத்துவிட்டாள். நல்ல மாணவி.

அன்று மாலை மாவுக்கட்டோடு உட்கார்ந்திருந்த எனக்குச் சோறு ஊட்டிக்கொண்டே என் மனைவி கமலம் அந்தப் படத்தை மூன்று முறை பார்த்தாள்.

"ஏனுங்க, காப்பியோட நிறுத்திட்டீங்க? டிபனுக்குச் சொல்லியிருக்கலாமில்லீங்க?"

நான் இன்னொரு வாய் சோறு கேட்டேன்.

ஜெயந்தி வந்து பார்த்தாள். போகும்போது ஒன்று சொன்னாள். "உங்க கேஸ் என்னாகுதுன்னு பாத்துட்டு எங்க கேஸப் போடறனுங்க." எனக்கு மணிக்கட்டைவிட அது வலித்தது. நான் தோற்றால் அவள் மனுவே போட மாட்டாள்.

என் மனுவில் குறை கண்டுபிடிக்க முடியாது. முதல் தகவல் அறிக்கை, எக்ஸ்ரே, மருந்துச் சீட்டு எல்லாம் வரிசை எண்ணோடு, நூல் கோத்து. வழக்கு மக்கள் நீதிமன்றத்தில் சமரசத்துக்கு வந்தபோது ஜெயந்திக்கு ஆறு மாதம் முடிய இரண்டு வாரம்கூட இல்லை. அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

இன்சூரன்ஸ் தரப்பு வக்கீல், ஒரு காலத்தில் என்னிடம் வழக்குக் கட்டுக்கு நூல் கோக்கக் கற்றுக்கொண்டவர். வணக்கம் வைத்துவிட்டு, போலீஸிடமிருந்து வாங்கிய அந்தப் படத்தைச் செல்போனில் ஓட்டினார். 'நான்தாங்க குறுக்க வந்துட்டேன்' என்று என் குரல் அந்த அறையெங்கும் கணீரென்று கேட்டது.

"எலும்பு முறிஞ்சவர் பண்டல் தூக்குறாருங்க ஐயா. காப்பிக்கு வேற கூப்பிடுறாரு."

நீதிபதி உதட்டைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "சிரஸ்தார், நீங்களே சொல்லுங்க. எங்க நின்னுட்டிருந்தீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் சுவரோரம் நின்றிருந்த செல்வின் முன்னால் வந்தார். "ஐயா, அவிய மேல ஒரு தப்பும் இல்ல. ஓரமாத்தான் நின்னாவ. பண்டல் மறைச்சதுல நாந்தான் பாக்கல."

வழக்கு முடிந்தது, ஜெயித்தேன் என்று நினைத்திருப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் ஒரு மனிதர் நமக்காகத் தலைகுனிந்து நிற்கும்போது எப்படி வாயை மூடிக்கொண்டிருப்பது?

"அப்படிச் சொல்லாதீங்க கண்ணு. நானும் கொஞ்சம் தள்ளி நின்னிருக்கோணும்."

"இல்லய்யா, தப்பு என்னதுதான்."

"இல்லீங்க, எனக்கும் பங்கு இருக்குதுங்க."

நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். "ரெண்டு தரப்பும் தப்புக்கு அடிச்சுக்கறத இப்பத்தான் பாக்கறேன்" என்றார். வக்கீலோ, தன் கட்சிக்காரர் எதிர்த்தரப்பு, எதிர்க்கட்சிக்காரர் தன் தரப்பு என்று ஆகிவிட்ட குழப்பத்தில் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். கடைசியில், நானாக விரும்பிக் கேட்டு வாங்கிய கவனக்குறைவுக்காகக் கால் பங்கைக் கழித்துக்கொண்டு, முக்கால் பங்குக்குச் சமரசம் ஆனது.

வெளியே வந்தேன். படிக்கட்டில் ஜெயந்தி காத்திருந்தாள். வாராவாரம் உபதேசம் செய்த அதே வாயால் சொன்னேன்.

"கால் பங்கு போயிருச்சு ஜெயந்தி."

அவள் சிரிக்கவில்லை.

"இத்தன பேசியும் உங்களுக்கு முக்கா பங்கு குடுக்கறாங்க. ஒரு வார்த்த பேசாமப் போன என்ற ஊட்டுக்காரருக்கு ஏனுங்க குடுக்க மாட்டாங்க? நாளைக்கே மனுவ எழுதுங்க ஐயா."

எழுதினேன். வலது கை இன்னும் சரியாக வளையாததால் கமலம் தட்டச்சு செய்தாள். கெடு முடிய ஒரு வாரம் இருக்கும்போது மனு நம்பர் ஆகி, கோர்ட்டுப் பதிவேட்டில் ஏறியது. பிற்பாடு லாரி முதலாளியின் ஆள் அவள் வீட்டுக்கு வந்து, "உங்க ஊட்டுக்காரரு கொஞ்சம் வேகமாத்தான போவாரு?" என்று இழுத்தபோது, அவருக்குக் காப்பி கொடுத்து, "கோர்ட்டுல பேசிக்கலாமுங்க" என்றாளாம். மரியாதையும் கெடவில்லை, வழக்கும் கெடவில்லை. முழுத் தொகையும் தீர்ப்பானது. இத்தனை வருடச் சட்ட அறிவில் எனக்கு வராத வித்தை அது.

சபை இப்போதும் நடக்கிறது. உபதேசத்தை மட்டும் ஜெயந்தி சொல்கிறாள். நான் சொன்னால் யாரும் சிரிக்காமல் கேட்பதில்லை. செல்வின் ஊருக்குப் போய்வரும்போதெல்லாம் கருப்பட்டி கொண்டுவருகிறார். அன்று கூப்பிட்ட காப்பியை அதில்தான் போடுகிறோம்.

வீட்டில்தான் எனக்கு விமோசனம் இல்லை. போன வாரம் பீரோவில் இடித்துக்கொண்டு நான் "ஐயோ" என்றேன். அடுப்படியிலிருந்து கமலம் எட்டிப் பார்க்காமலே கேட்டாள்:

"ஏனுங்க, பீரோவுக்கு அடி ஒண்ணும் படலீங்களே?"