பக்கத்து இருக்கை

"சட்டம் விடாதாம். இல்லாட்டி நான் இவற்றை பிளேனில எப்பவோ ஏறியிருப்பன்" என்று ஒரு பிறந்தநாள் வீட்டில் நாலு பேருக்கு முன்னால் தங்கேஸ்வரி சொல்லிவிட்டாள். அவளுடைய கணவர் அன்புராசாவுக்கு அது போதும்.

1996இல் கனடாவின் மல்வேர்ன் தமிழர்களில் சொந்த விமானம் வைத்திருந்தவர், எங்களுக்குத் தெரிந்து, அவர் ஒருவர்தான். சின்ன விமானம், விட்பிக்கு வடக்கே ஒரு புல்வெளியில் நின்றது. இருக்கை இரண்டு. ஆனால் பொழுதுபோக்கு விமானமாகப் பதிந்திருந்ததால் ஓட்டுகிறவரைத் தவிர வேறு ஒருவரும் ஏறக்கூடாது. பக்கத்து இருக்கையை வெறுமையாக வைத்துக்கொண்டு பறந்து பறந்து மனுசனுக்கு அலுத்துவிட்டது. மனைவியை ஒருதரமாவது ஏற்றிக்கொண்டு ஏரிக்கு மேலே போய்வர வேண்டும். வேறொன்றும் அவர் கேட்கவில்லை.

"பொதுப் பிரிவுக்கு மாத்திப் பதியப்போறன். பிறகு நீரும் ஏறலாம்."

"உது லேசில முடியாதெல்லோ?"

"ஏன் முடியாது? நான் முடிச்சுக் காட்டுறன்!"

பரிசோதிக்க வந்த வெள்ளைக்காரப் பெண்மணி, இருக்கைப் பட்டிகள் பலம் போதாது என்றார். அன்புராசா பலமான பட்டிகள் பூட்டினார். பாரம் கூடி, வால் கீழே இழுத்தது. பற்றரியை முன்னுக்குக் கொண்டுபோனார். எஞ்சின் மூடி மூட மறுத்தது.

"ஐயோ பாவம். அப்ப விட்டுடுங்கோவன்" என்று தங்கேஸ்வரி சந்தோசமாகச் சொன்னாள்.

அவர் விடவில்லை. புது மூடி வந்தது.

"பூசை செய்யாமல் நான் ஏறமாட்டன்" என்றாள் அவள்.

கார் வாங்கினால் செய்கிறதுதானே என்று அன்புராசா சில்லுகளுக்குக் கீழே தேசிக்காய் வைத்தார். கண்ணில்பட்ட முனையிலெல்லாம் சந்தனம் அப்பினார். முன்னால் நின்று, ஓங்கித் தேங்காய் அடித்தார். பாதித் தேங்காய் துள்ளிப்போய் விமானத்தின் மூக்கிலிருந்த மர விசிறியில் பட்டு ஒரு சிராய் பறந்தது. வேகம் பார்க்கிற குழாயைச் சந்தனம் அடைத்திருந்தது.

"இது என்ன மஞ்சள் மண்?" என்று மறுமுறை வந்த பெண்மணி குழாயைக் குத்திப் பார்த்தார். அன்புராசா சட்டை நுனியால் குழாயைத் துடைக்கத் தொடங்கினார்.

புது விசிறி வந்து, இலை உதிர்கிற காலத்தில் ஒருவழியாகப் பதிவும் வந்தது. அன்றே தங்கேஸ்வரியைக் கூட்டிக்கொண்டு புல்வெளிக்குப் போனார். அவள் வழியெல்லாம் முருகனைக் கூப்பிட்டபடி வந்தாள்.

அங்கே பறக்கப் பழக்குகிற அகஸ்ரின் பதிவை வாங்கிப் பார்த்தான்.

"எல்லாம் சரி அண்ணை. உங்கட லைசன்ஸ்?"

"பழையதுதான். ஏன்?"

"அது பொழுதுபோக்கு விமானத்துக்கு மட்டுமெல்லோ? நேற்றுவரைக்கும் இதில நீங்கள் மட்டும்தான் ஏறலாம். இண்டைக்கு ஆரும் ஏறலாம், நீங்கள் ஓட்டேலாது."

அன்புராசா புல்லில் குந்திவிட்டார். நாசமாய்ப் போன ஆசை!

அகஸ்ரினுக்குப் பாவமாக இருந்தது. "வந்ததுக்கு, அக்காவை நான் ஒரு சுத்துக் கொண்டுபோய்க் காட்டட்டே?"

அவர் நிமிர்ந்து பார்ப்பதற்குள் தங்கேஸ்வரி ஏறி, பட்டியும் பூட்டிவிட்டாள்.

"தங்கேசு, உமக்குப் பயமில்லையே?"

"ஓட்டப்போறது நீங்கள் இல்லையே அப்பா, பிறகென்ன பயம்?"