அத்தை திறந்த மிக்ஸி

எலக்ட்ரிகல் டிப்ளமா படித்தவர்கள் கையில் ஸ்குரூ டிரைவர் கிடைத்தால் மற்றவர்கள் கொஞ்சம் தள்ளி நிற்பது நல்லது. நானும் டிப்ளமாக்காரிதான், திருப்பதியில் படித்தது. (பிராக்டிகலில் மோட்டாரைப் பிரித்தவள் பக்கத்து மேசைப் பெண். நான் நோட்டில் படம் வரைந்தேன்.)

கல்யாணமாகி நகரிக்கு வந்த இரண்டாவது மாதம் மாமியாரின் மிக்ஸி நின்றுபோனது. அவருடைய அண்ணன் வாங்கித் தந்தது அது. அண்ணன் இப்போது இல்லை. அதனால் அத்தை அதைக் குழந்தையைத் துடைப்பதுபோலத் துடைத்து வைப்பார்.

“கடைக்கு எடுத்துக்கினு போலாமா?” என்று கேட்டார்.

“எதுக்கு அத்தை? நானே பாத்துடறேன்.”

பிளக்கைப் பிடுங்கிவிட்டு (இதை மட்டும் சரியாகச் செய்தேன்) அடியிலிருந்த நாலு திருகாணியையும் கழற்றினேன். உள்ளே ஒரு ஒயர் விட்டுப்போயிருந்தது. அதை மட்டும் மாட்டியிருக்கலாம். சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று மற்றதையும் கழற்றினேன். எது எங்கே இருந்தது என்று மறந்துபோய், பார்வைக்கு அழகாகத் தோன்றியபடி மாட்டினேன்.

மிக்ஸி ஓடியது. அத்தைக்கு ஒரே பெருமை. உடனே தக்காளியும் மிளகாயும் போட்டுக் கொடுத்தார். மோட்டார் எதிர்ப்பக்கமாகச் சுற்றுகிறது என்பது இரண்டு பேருக்குமே தெரியாது. ஜாரை மோட்டாரோடு இணைக்கும் அடித் திருகு சுற்றச் சுற்றக் கழன்று ஜாரை மேலே தள்ளியது. மூடி பறந்தது. சுவரில் சட்னி, காலண்டரில் சட்னி, அத்தையின் தலையில் சட்னி. அப்புறம் கருகல் வாசனை.

நான் அழ ஆரம்பித்தேன். அத்தை முந்தானையால் முதலில் துடைத்தது மிக்ஸியை அல்ல, என் முகத்தை.

“கண்ணுல காரம் பட்டுச்சா?”

ரிப்பேர் கடைக்காரர் அதைத் திறந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார். “யாரும்மா இத்த தொறந்தது?”

நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை முந்திக்கொண்டார். “நான்தாம்பா.”

இந்த வயசில் கரண்ட் சாமானில் கை வைக்கலாமா என்று அவர் நீளமாகத் திட்டினார். அத்தை தலையாட்டியபடியே கேட்டுக்கொண்டார். நல்லவேளை, மிக்ஸி பிழைத்துவிட்டது.

“ஏன் அத்தை அப்டி சொன்னீங்க?” என்று வழியில் கேட்டேன்.

“எனுக்கு இன்னா, தெரியாம தொறந்துட்டேன்னு வுட்டுடுவான். நீ படிச்ச பொண்ணு. உனுக்குத்தான் பேரு கெட்டுப்பூடும்.”

வீட்டில் எல்லாருக்கும் உண்மை தெரியும், சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். கடைக்காரருக்கு மட்டும் இன்றுவரை தெரியாது. கடைத்தெருவில் எங்களைப் பார்த்தால், “இன்னாம்மா, இன்னிக்கு எத்த தொறந்தீங்க?” என்பார்.

அத்தை என் கையை மெல்ல அழுத்திக்கொண்டே பதில் சொல்வார்.

“இன்னும் இல்லபா. சாயந்தரமா கிரைண்டர தொறக்கலாம்னு கீறேன்.”