அரக்கனுக்குப் பத்துப் பொருத்தம்

கொடிமலை அரக்கன் பெண் கேட்டுக் கடலுக்கு அக்கரையிலிருக்கும் பாகான் டாலாமுக்குப் போய்விட்டான் என்பது ஆனந்தராஜாவுக்கு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்தான் தெரிந்தது.

மேசை இழுப்பறையை மூன்றாவது முறையாகக் கவிழ்த்துத் தேடிக்கொண்டிருந்த மகனைப் பார்த்து அம்மா பத்மாவதி சிரித்தார்.

“சாதகத்தத் தேடுறியாப்பா? அத நா போன வாரமே பொண்ணு வீட்டுக்குக் குடுத்தாச்சு.”

“எந்தச் சாதகம்மா?”

“நீ புதுசா கணிச்சு வாங்கி மஞ்ச தடவி வச்சிருந்தியே, அதுதான். கல்யாணம் வேணும்னு வாய் தொறந்து சொல்ல வெக்கம். நாலு மூலையிலயும் மஞ்ச தடவி டிராயர்ல வச்சிட்டா அம்மாவுக்குப் புரியாதா? மேல பேரு மட்டும் இல்ல. நானே உன் பேர எழுதிட்டேன்.”

ஆனந்தராஜா கட்டிலில் தொப்பென்று உட்கார்ந்தான். அது அவன் சாதகம் இல்லை. மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு அவன் உண்டாக்கிய ஓர் அரக்கனின் சாதகம்.

பினாங்குப் பாலம் திறந்த மறு வருஷம் அது. பட்டர்வொர்த் விமானப்படைத் தளத்திலிருந்து ஊர் திரும்பிய ஆஸ்திரேலியர் யாரோ விட்டுப் போன விளையாட்டுப் புத்தகம் ஒன்று, சௌராஸ்தா பாசார் மாடியில் பழைய புத்தகங்களுக்கு நடுவே அவனுக்குக் கிடைத்திருந்தது. கூடவே இருபது முகப் பகடை ஒன்று. ஒருவர் கதை சொல்ல, மற்றவர்கள் வீரனாகவும் மந்திரவாதியாகவும் ஆகிப் பகடை உருட்ட வேண்டும். வாரத்தில் ஆறு நாள் கப்பல் கம்பெனியில் கிளார்க்காக இருந்தவன், ஏழாம் நாள் மாய உலகம் ஒன்றையே ஆண்டான்.

ஞாயிறுதோறும் நண்பன் அலாவுதீனுடைய அத்தாவின் நாசி கண்டார் சோற்றுக்கடை மாடியில் நாலு பேர் கூடுவார்கள். கீழேயிருந்து மீன் தலைக் கறியின் வாசம் ஏறி வரும். வரைபடத்தில் கறி சிந்திய இடமெல்லாம் ஏரியாகிவிடும். பிற்பாடு எத்தனையோ ஞாயிறுகள் வந்து போயின, அப்படி ஒரு ஞாயிறு அந்த நாலு பேருக்கும் மறுபடி வாய்க்கவில்லை.

ஒரே தொல்லை, புத்தகத்திலிருந்த அசுரர்களை எல்லாரும் போட்டோஸ்டாட் எடுத்து மனப்பாடம் செய்துவிட்டார்கள். ஆனந்தராஜா வாயைத் திறக்குமுன் அலாவுதீன், “அதுக்கு நெருப்புன்னா பயம்லா,” என்று போட்டு உடைத்துவிடுவான். அதனால்தான் எந்தப் புத்தகத்திலும் இல்லாத ஓர் அரக்கனை அவன் கொடிமலை மூட்டத்துக்குள் குடிவைத்தான். சாதகத்தைப் படித்துச் சாகும் நேரத்தைக் கண்டுபிடித்தால்தான் அவனைக் கொல்ல முடியும். ஏழில் செவ்வாய், எட்டில் சனி. நிஜம் போலத் தெரியட்டும் என்று மஞ்சளும் தடவினான். அங்கேதான் வினை பிடித்தது.

“பொண்ணு யாரும்மா?”

“ரயில்வே கிளார்க்கா இருந்து ரிட்டையரான ஐயாத்துரை மக, யோகலட்சுமி. கணக்கு டீச்சர். போன தைப்பூசத்துல தண்ணீர்மலைப் பந்தல்ல பானகம் குடுத்துச்சே.”

ஆனந்தராஜா கட்டிலிலிருந்து எழுந்துவிட்டான். அந்தப் பந்தலில் நாலு தடவை வரிசையில் நின்று பானகம் வாங்கிக் குடித்தவன் அவன். நாலாம் தடவை அவள் லேசாகச் சிரித்தாள். அன்றிலிருந்து அவன் வேறு எந்தப் பெண்ணையும் நினைக்கவில்லை.

“இன்னிக்குக் காலையில நம்ம சோசியர் ரெண்டையும் பாத்துட்டாரு. பத்துக்குப் பத்துப் பொருத்தம்! ஏழுல செவ்வாயாச்சேன்னு பயந்தேன். பொண்ணுக்கும் அதே மாதிரி இருக்கு, சரியாப் போச்சு. உன் நச்சத்திரம்கூட நாம நெனச்சது இல்லையாம். முப்பத்தொரு வருசமா தப்பான நச்சத்திரத்துக்கு அர்ச்சனை பண்ணியிருக்கேன்பா. அதான் இத்தன நாள் தள்ளிப் போச்சு.”

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அன்று சாயங்காலமே தண்ணீர்மலை ஏறி, அரக்கனின் நட்சத்திரத்துக்கு அர்ச்சனை செய்துவிட்டும் வந்தார்.

உண்மையைச் சொன்னால் யோகலட்சுமி கை நழுவிவிடுவாள். சொல்லாவிட்டால் ஆயுசுக்கும் அவளை ஏமாற்றியவன் ஆகிவிடுவான். ஆனந்தராஜா அலாவுதீனிடம் ஓடினான்.

“கவலப்படாதலா. உன் ஒரிஜினல எங்கிட்ட குடு. ஃபெரியில போயி மாத்திட்டு வந்துர்றேன்.”

போனவன் இரண்டு மணி நேரத்தில் திரும்பினான்.

“மாத்திட்டியா?”

“எங்க மாத்துறது? ‘நல்ல காப்பி கொண்டாந்திருக்கேன், பழசக் குடுங்க அங்கிள்’னேன். ‘எதுக்குத் தம்பி, நானே பத்து காப்பி எடுத்துட்டேன்’ங்கறாரு. ரயில்வே ஆளுலா. தைப்பிங், ஈப்போ, செரம்பான், எல்லாச் சொந்தக்காரங்களுக்கும் தபால்ல போயிருச்சு.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன, தோசை குடுத்தாங்க. சாப்ட்டேன்.”

கொடிமலையை விட்டு வெளியே வராதவன் என்று எழுதி வைத்த அரக்கன், இப்போது நாடு முழுக்கப் பரவிவிட்டான்.

மறுநாள் ஆனந்தராஜாவே ஆபீஸ் போனிலிருந்து ஐயாத்துரையைக் கூப்பிட்டான். ஆறு மாசம் தள்ளிப் போட்டால் ஏதாவது வழி பிறக்கும் என்பது அவன் கணக்கு.

“தள்ளிப் போடறதா?” என்றார் ஐயாத்துரை. “ஆறு எடத்துல தட்டிப் போச்சு தம்பி. எனக்கு அந்தக் கட்டமெல்லாம் புரியாது. ஒவ்வொரு தடவையும் யோகாதான் தன் கையால அழகா காப்பி எழுதிக் குடுக்கும். பொருந்தலைன்னு திரும்பி வந்துரும். இந்தத் தடவதான் பத்துக்குப் பத்து. நீங்க வேற எடம் பாக்கறீங்களா?”

“ஐயோ, இல்ல அங்கிள்!”

“அப்ப வர்ற ஞாயித்துக்கெழமையே தட்டு மாத்திக்குவோம்.”

போனை வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஃபெரியில் கடல் அமைதியாக இருந்தது. அம்மாவின் மடியில் பூத்தட்டு, அலாவுதீனின் மடியில் பழத்தட்டு, ஆனந்தராஜாவின் தலையில் அரக்கன். பாகான் டாலாம் வீட்டில் தைப்பிங், ஈப்போ, செரம்பான் எல்லாம் வந்து உட்கார்ந்திருந்தன. சுவரில் முருகன் படத்துக்குப் பக்கத்தில், கண்ணாடிச் சட்டத்துக்குள், பூ வைத்து அரக்கன் தொங்கினான்.

“இந்த மாதிரிப் பொருத்தம் எங்க பரம்பரையிலயே இல்ல,” என்றார் ஐயாத்துரை, வருகிறவர்களிடமெல்லாம்.

இதற்கு மேல் ஆனந்தராஜாவால் முடியவில்லை. பெண்ணிடம் இரண்டு நிமிஷம் பேச வேண்டும் என்று கேட்டான். ஈப்போ சிரித்தது, செரம்பான் கனைத்தது. அடுக்களைக்குப் பின்னால், துணிக்கொடிக்குப் பக்கத்தில் யோகலட்சுமி வந்து நின்றாள்.

“அது என் சாதகம் இல்லீங்க,” என்றான். அப்புறம் நிறுத்தவே முடியவில்லை. புத்தகம், பகடை, மூட்டம், மஞ்சள், போட்டோஸ்டாட் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தான். “ஒங்கள ரொம்பப் பிடிச்சிருக்கு. அதனாலயே ஏமாத்த மனசு வரல. வேணாம்னா சொல்லுங்க, நானே உள்ள போயி நிறுத்திடறேன்.”

யோகலட்சுமி கொடியில் கிடந்த துண்டை எடுத்து மடித்தாள். அவள் முகம் வெளுத்துப்போயிருந்தது. அவனுக்கு நம்பிக்கை விட்டுப்போயிற்று.

“அந்த ஏழுல செவ்வாய்,” என்றாள் கடைசியில், “அதுவும் நீங்களா வச்சதா?”

“ஆமாங்க.”

“எட்டுல சனி?”

“அதுவும்தான்.”

அவள் உள்ளே ஒருதரம் எட்டிப் பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினாள்.

“நாலு தடவ பானகம் வாங்கிக் குடிச்சவரு சாதகம்னு நெனச்சு, அதுக்குப் பொருந்துற மாதிரி என் சாதகத்த மாத்தி எழுத எனக்கு ரெண்டு நாள் ஆச்சு. அத்தனையும் அரக்கனுக்காங்க?”