நீங்க முன்னால போங்க

"அரை மணி நேரத்துல டப்பாவைத் திறந்து, சாப்பிட்டு, கை கழுவி... மனுஷன் என்ன மெஷினா?" என்று பொங்கினார் அந்த அச்சகத்தின் பிழைதிருத்துபவர்.

மதிய இடைவேளையை ஒரு மணியிலிருந்து அரை மணியாக வெட்டி முதலாளி அறிவிப்பு ஒட்டி மூன்று நாள் ஆகியிருந்தது. வேலை செய்பவர்கள் மொத்தமே நாலு பேர். பைண்டிங் அக்கா தலையை மட்டும் ஆட்டினாள். டிசைனர் பெண் கணினித் திரைக்குள் புகுந்துகொண்டாள். மெஷின்காரர் உருளையில் மை துடைத்துக்கொண்டிருந்தார். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோல் இருப்பவர் அவர்.

"நாலு பேரும் சேர்ந்து உள்ள போய்க் கேட்போம். வரீங்களா?"

"மத்தவங்க வந்தா நானும் வரேன்" என்றாள் அக்கா.

மற்ற இருவரும் அதையே சொன்னார்கள். ஆளுக்கு ஆள் வழிவிட்டதில் ஒருவரும் நகரவில்லை.

பிழைதிருத்துபவர் அசரவில்லை. மனிதர்கள் 'சேர்ந்து செய்வது' என்றால் உண்மையில் என்ன என்று அறுநூறு பக்கத்துக்கு ஆராயும் தத்துவ நூல் ஒன்றுக்கு இரண்டு மாதமாக அவர்தான் மெய்ப்புப் பார்த்துவந்தார். அதில் பாதி அவருக்குப் புரிந்தது. புரிந்த பாதியைத் தினமும் சாப்பாட்டு வேளையில் மற்றவர்களுக்கும் ஊட்டிவிடுவார்.

"ரெண்டு பேர் ஒரே நேரத்துல தும்மினா அது கூட்டுத் தும்மல் ஆயிடுமா? ஆகாது. 'நான் போறேன்'னு ஆளாளுக்கு நினைச்சாப் பத்தாது. 'நாம போறோம்'னு ஒவ்வொருத்தரும் நினைக்கணும். எங்கே, நினைங்க!"

மூவரும் கண்ணை மூடி நினைத்தார்கள்.

முதலாளியின் அறைக்குப் போக அவர் எழுந்தார். வேறு எந்த நாற்காலியும் அசையவில்லை.

"என்னம்மா, நினைக்கலையா?"

"நல்லா நினைச்சோம் சார். எழுந்திருக்கச் சொல்லலையே நீங்க!" என்றாள் டிசைனர் பெண்.

"சரி, நினைப்பு போதாது. வாக்குறுதி வேணும். வாக்கு மாறினா மத்தவங்க சட்டையைப் பிடிக்கலாம். கையில அடிங்க!"

மூவரும் பளீர் பளீரென்று அடித்தார்கள். அவர் உள்ளங்கை சிவந்துபோனது.

"நீங்க முன்னால போங்க சார், பின்னாடியே வந்துடறோம்" என்றாள் அக்கா.

கதவைத் திறந்து நெஞ்சை நிமிர்த்தி நுழைந்தார்.

"ஐயா, நாங்க எல்லாரும் வந்திருக்கோம்."

"எல்லாரும்னா?"

திரும்பிப் பார்த்தார். கதவு மட்டும் மெல்லச் சாத்திக்கொண்டிருந்தது.

"சாப்பாட்டு நேரத்தை... பழையபடி ஒரு மணி நேரமா..."

முதலாளி பேனாவைக் கீழே வைத்துவிட்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். "என்னை ஏன்யா கேக்கறீங்க? வெளியில போய்க் கேளுங்க!"

தலை தொங்க வெளியே வந்தவருக்கு, தலை நிமிராமல் வேலை பார்த்துக்கொண்டிருந்த மூவரையும் கண்டதும் பற்றிக்கொண்டு வந்தது.

"துரோகிகளா! ஒண்ணா சேர்ந்து ஒரே ஒரு காரியம் பண்ண இந்த ஜென்மத்துல உங்களுக்கு வருமா?"

மெஷின்காரர் மெஷினை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

"வந்துச்சே சார். ஒரு மணி நேரமும் உங்க பாடத்தைக் கேட்டுக்கிட்டே சாப்பிட முடியல, இடைவேளையைப் பாதியாக் குறைச்சுடுங்கன்னு முதலாளிகிட்ட போய்க் கேட்டதே நாங்க மூணு பேரும் சேர்ந்துதான்."