இணைப்பில் காத்திருக்கும் சிறுமி

மாமாவுக்கு, வணக்கம்.

நான் நலம். நீங்களும் அத்தையும் நலமாக இருக்க வேண்டும் என்று எழுதிவிட்டேன். அது வெறும் சம்பிரதாயமாகப் போய்விடக் கூடாது என்பதற்காக இன்னொரு முறையும் எழுதுகிறேன்: நலமாக இருங்கள். காரணம் அடுத்த பக்கத்தில் வரும். தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாம். இப்போதெல்லாம் அதைக் காதில் வைப்பதற்கு முன்னால் கொஞ்சம் யோசிக்கிறேன்.

நீங்கள் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அதே கம்பெனியில், நீங்கள் சொல்லிவைத்ததால் கிடைத்த நாற்காலியில், ஐந்து மாதம் முடித்துவிட்டேன். துணி துவைக்கும் இயந்திரம் பழுதானவர்கள் கூப்பிடுவார்கள். நான் எடுப்பேன். "சற்று இணைப்பில் காத்திருங்கள்" என்று சொல்லி ஒரு பொத்தானை அழுத்துவேன். அவர்களுக்கு வயலின் கேட்கும். இன்னொரு பொத்தானை அழுத்தினால் எனக்கும் கேட்கும். வேலை இவ்வளவுதான். மூன்றாவது மாடியில் ஒற்றை அறை எடுத்திருக்கிறேன். ஒரு கட்டில், ஒரு மின்அடுப்பு, துணி போட ஒரு நாற்காலி. என் வயலின் உங்கள் வீட்டுப் பரணில் கிடக்கிறது. பதினேழு வயதில் அதைப் பெட்டியில் வைத்து மூடியபோது, இனி நானும் எல்லோரையும் போல ஒரு ஆள் என்று முடிவு செய்தேன். இதுவரை நன்றாகத்தான் போனது. வருகிற வெள்ளிக்கிழமை என்னை நிரந்தரமாக்குவதா வேண்டாமா என்று பேசுகிறார்கள். அதற்குள் உங்களிடமிருந்து ஒரு உதவி வேண்டும்.

அந்தக் காத்திருப்பு இசையை வாசிப்பது நான்தான்.

முதல் நாளே தெரிந்துவிட்டது. அதை வாசித்தபோது எனக்குப் பதினொரு வயது. கம்பெனிக்கு ஏதோ இசை தேவை என்று சொன்னார்களாம். நீங்கள் வேறு யாரையும் தேடாமல் என்னை உங்கள் வீட்டில் கதவு கிறீச்சிடும் அந்த அலமாரிக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, "கொசு, நல்லா வாசி, ஊரே கேக்கப்போகுது" என்று போனை நீட்டினீர்கள். மூன்று நிமிடம் பத்து நொடி. நான்காம் வரி முடிந்ததும் உள்ளங்கையைக் கவுனில் துடைக்கும் சத்தம். ஐந்தும் ஆறும் எனக்கு வராது, நேராக ஏழாம் வரிக்குப் போய்விடுவேன். அம்மாவுக்கு இது தெரியாது. உங்களுக்குத் தெரியும், காட்டிக்கொடுக்கவில்லை. நடுவில் நீங்கள் இருமுகிறீர்கள். பன்னிரண்டு வருஷமாகச் சோப்புத் தண்ணீரில் நின்றுகொண்டு ஜனங்கள் அந்த இருமலைக் கேட்டிருக்கிறார்கள்.

பக்கத்து சீட் அக்கா ஒரு நாள், "இது யாரோ சின்னப் புள்ள வாசிச்ச மாதிரி இல்ல? பாவம், அடிச்சு உக்காரவச்சிருப்பாங்க" என்றார். "இருக்கும்க்கா" என்றேன்.

இரண்டாம் மாதம், பதிவில் இருக்கும் அந்தச் சிறுமி ஐந்தாம் வரியை வாசித்தாள்.

நான் சரியாகத்தான் கேட்டேன் மாமா. கையைத் துடைத்தாள், ஒரு மூச்சு விட்டாள், ஏழுக்குப் போகவில்லை. தப்பும் தவறுமாக ஐந்தை வாசித்தாள், நிறுத்தினாள், மறுபடி வாசித்தாள். அக்காவின் இணைப்பில் காது வைத்துப் பார்த்தேன், அங்கே பழையபடி மூன்று நிமிடம் பத்து நொடி, அதே தாவல், அதே இருமல். என் இணைப்பில் மட்டும் அவள் சாதகம் பண்ணிக்கொண்டிருக்கிறாள். டெக்னீஷியனைக் கூப்பிட்டேன், அவர் கணினியில் பார்த்துவிட்டு, "ஃபைலு பன்னெண்டு வருஷமா யாரும் தொடலீங்க, மூணு நிமிஷம் பத்து செகண்டு, அதுக்கு மேல ஒண்ணுமில்ல" என்றார், அப்போது என் ஹெட்போனில் பதினோராவது நிமிடம் ஓடிக்கொண்டிருந்தது, அதைக் கழற்றி அவரிடம் கொடுத்தேன், கேட்டார், பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தார், "சர்வர்ல பாக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனவர் அதற்கப்புறம் எங்கள் மாடிக்கே வரவில்லை. கூப்பிடுகிறவர்களும் சரியில்லை. ஒரு பெரியவர், "மெஷின் போன வாரமே சரியாயிடுச்சும்மா, நேத்து அந்தப் பொண்ணு ஒரு எடத்துல திணறுச்சே, என்னாச்சுன்னு கேக்கத்தான் கூப்பிட்டேன்" என்கிறார். ஒரு அம்மா, "தண்ணி ஹால் வரைக்கும் வந்துடுச்சுங்க, அவசரமில்ல, நீங்க அதப் போடுங்க, நான் காத்திருக்கேன்" என்கிறார். நானும் போடுகிறேன். எனக்கும் கேட்கவேண்டியிருக்கிறதே.

டீம் லீடர் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"ஒரு கால்ல சராசரியா எவ்வளவு நேரம் காக்கவைக்கிறீங்க, தெரியுமா?"

"சொல்லுங்க மேடம்."

"பதினெட்டு நிமிஷம். மத்தவங்க ரெண்டு. இதுல ஒருத்தர்கூடப் புகார் பண்ணல. எனக்கு அதுதாம்மா பயமா இருக்கு."

நான்காம் மாதம் அவள் கை நீண்டுவிட்டது. வில் இழுக்கும் தூரத்தை வைத்துச் சொல்கிறேன். பதினான்கு வயது இருக்கும். போன மாதம் பதினேழு. எந்த நாள் என்றுகூட எனக்குத் தெரியும். அன்றைக்கு முழுக்கக் காத்திருந்தேன், இப்போது பெட்டியை மூடும் சத்தம் வரும் என்று. வரவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி தொடங்கினாள். உங்கள் இருமலும் கூடவே வளர்ந்திருக்கிறது மாமா. முன்பு தொண்டையில் இருந்தது, இப்போது நெஞ்சிலிருந்து வருகிறது. தயவுசெய்து டாக்டரைப் பாருங்கள்.

இதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஆனால் பத்து நாளாக அந்த இசைக்குப் பின்னால் உங்கள் அலமாரிக் கதவின் சத்தம் இல்லை. ஒரு குழாய் சொட்டுகிறது. நான்கு சொட்டு, ஒரு இடைவெளி, பிறகு ஒன்று. அது என் குளியலறைக் குழாய்.

கீழ்வீட்டு அம்மா மாடிப்படியில் நிறுத்தினார். "பகல்ல வாசிக்கறது நீங்கதானே? நல்லாத்தான் இருக்கு. ரெண்டு மணிக்கு மட்டும் வேணாமே, கொழந்த தூங்குற நேரம்."

"பகல்ல நான் ஆபீஸ்ல இருப்பேங்க."

"அதான் நானும் யோசிச்சேன். சரி, இருக்கறவங்ககிட்ட சொல்லிடுங்க."

சொன்னேன். காலி அறையின் நடுவில் நின்று, துணி போடும் நாற்காலியைப் பார்த்துச் சொன்னேன். மறுநாள் இரண்டு மணிக்கு என் இணைப்பில் எதுவும் கேட்கவில்லை. மூன்று மணிக்குத் தொடங்கினாள். நல்ல பெண், சொன்னால் கேட்கிறாள்.

நான் கேட்பது இதுதான். அந்த ஒலிப்பதிவைக் கொடுத்தவர் நீங்கள், சம்மதக் கடிதத்தில் இருப்பது உங்கள் கையெழுத்து. திரும்பப் பெறுவதாக இரண்டு வரி எழுதிக் கம்பெனிக்கு அனுப்பிவிடுங்கள். அதற்குப் பதிலாகப் போட அவர்கள் சோப்புத்தூள் விளம்பரம் ஒன்றைத் தயாராக வைத்திருக்கிறார்கள். எனக்கு இந்த வேலை வேண்டும் மாமா. ஐந்தரை மணிக்கு ஹெட்போனைக் கழற்றினால் பிறகு யாரும் என்னை ஒன்றும் கேட்பதில்லை, எங்கே வாசித்துக் காட்டு என்பதில்லை. அந்த நிம்மதி எனக்குப் பிடித்திருக்கிறது. அவள் இப்போது நன்றாக வாசிக்கிறாள். நான் விட்டதால்தான் அவளுக்கு இவ்வளவு நன்றாக வருகிறதோ என்று தோன்றுகிற நாட்களில் சாப்பாடு இறங்குவதில்லை. நிறுத்திவிடுங்கள். வெள்ளிக்கிழமைக்கு முன்னால்.

அத்தைக்கு என் அன்பு. அம்மாவிடம் ஒரு வார்த்தையும் வேண்டாம். உங்கள் இருவருடைய ஆசியும் எனக்கு எப்போதும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அக்கா மகள்,
கொசு

பின்குறிப்பு: தபாலில் போடத் தள்ளிப்போட்டதில் வெள்ளிக்கிழமையும் போய்விட்டது. மேலே கேட்ட எதையும் செய்ய வேண்டாம். ஒருவேளை கம்பெனியிலிருந்து யாராவது கேட்டு ஏற்கெனவே எழுதியிருந்தால், ஏதோ நினைவில் எழுதிவிட்டேன் என்று இன்னொரு கடிதம் போட்டுவிடுங்கள். டீம் லீடர் என்னை நிரந்தரமாக்க முடியவில்லை என்றார். தகுதிகாண் காலத்தை இன்னும் மூன்று மாதம் நீட்டியிருக்கிறார்கள், அதே நாற்காலி, அதே இணைப்பு. அவர் முன்னால் முகத்தை வருத்தமாக வைத்துக்கொள்ளச் சிரமப்பட்டேன். நேற்று அவள் புதிதாக ஒரு பாட்டை எடுத்திருக்கிறாள். நான் கேட்டே இராத பாட்டு. மூன்றாம் வரி சுத்தமாக வரவில்லை. தாவிப் போகாமல் அங்கேயே உட்கார்ந்திருக்கிறாள். மூன்று மாதம் போதுமா என்று தெரியவில்லை.