நம்ம ஆளுக்குப் பிளாஸ்டிக் நாற்காலி

நன்றி சொல்வதற்கென்றே மண்டபம் பிடிக்கும் மனிதர்கள் என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். நம்மைப் போன்றவர்களுக்கு நன்றி என்பது வாயால் சொல்லி முடிகிற விஷயம். இந்த இனத்துக்கு அது போதாது. பேனர் வேண்டும், மைக் வேண்டும், வாசலில் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்க ஒரு மைத்துனர் வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக, நன்றிக்கு உரியவர்களைவிட இனிமேல்தான் உரியவர்களாகப் போகிறவர்கள் அதிகமாக வர வேண்டும். அழைப்பிதழில் 'வாடிக்கையாளர் பாராட்டு விழா' என்றுதான் போட்டிருக்கும். ஆனால் வாடிக்கையாளர் ஏற்கெனவே கூடையில் விழுந்த மீன். கூடையில் கிடக்கும் மீனுக்கு யாராவது இரை போடுவார்களா?

எனக்குத் தெரிந்த இந்த இனத்தவர் அலுவலக நாற்காலி செய்து விற்கிறார். நான் ஒரு டியூஷன் சென்டர் நடத்துகிறேன். அங்கே இருப்பதெல்லாம் அவர் நாற்காலிகள்தான். விழாவுக்கு அழைக்க அவரே போன் செய்தார்.

"சார், நீங்க இல்லாம விழாவா? நீங்க நம்ம ஆளு சார்!"

இந்த 'நம்ம ஆளு' என்ற வார்த்தையைக் கவனித்துக்கொள்ளுங்கள். நான் கவனிக்கவில்லை. மனம் குளிர்ந்துபோய், இஸ்திரி போட்ட சட்டை எல்லாம் மாட்டிக்கொண்டு போனேன்.

வாசலில் மைத்துனர் நின்றார். வருகிறவர் ஏற்கெனவே வாங்கியவரா, இனி வாங்கப்போகிறவரா என்பதை முகத்தைப் பார்த்தே பிரித்துவிடும் ஆற்றல் அவருக்கு இருந்தது. வாங்கப்போகிறவருக்குப் பூங்கொத்து, கைகுலுக்கல், முதுகில் லேசாகக் கைவைத்து முன்வரிசைவரை ஊர்வலம். முன்வரிசை என்றால் சாதாரண வரிசை இல்லை. நிறுவனத்தின் புத்தம்புது மாடல்: கழுத்துக்கு மெத்தை, காலுக்குச் சக்கரம், உட்கார்ந்தபடியே எந்தப் பக்கமும் திரும்பும் வசதி. அதற்குப் பின்னால் இருந்தவை எல்லாம் வாடகைக்கு எடுத்த பிளாஸ்டிக் நாற்காலிகள். ஆமாம், நாற்காலி செய்கிறவர் வாடகைக்கு எடுத்த நாற்காலிகள்.

முன்னால் நடந்த என் முழங்கையை மைத்துனர் பிடித்தார். "சார், நீங்க நம்ம ஆளு. கொஞ்சம் பின்னாடி உட்காருங்க. முன்னாடி வெளியாளுங்க வர்றாங்க."

பின்னால் ஒரு தூண். தூணுக்குப் பின்னால் பல் டாக்டர் அம்மா. நாற்காலிக்காரர் ஒரு கார் ஷெட்டில் தொழில் தொடங்கி, ஈ ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில் முதல் ஆர்டர் கொடுத்தவர் இவர்தான். இன்று மாலை கிளினிக்கை மூடிவிட்டு வந்திருந்தார்.

"நம்ம ஆளுன்னு சொன்னாங்களா?" என்று கேட்டார்.

"சொன்னாங்க."

"எனக்கும்."

நானும் அங்கேயே உட்கார்ந்தேன். என் நாற்காலி ஒரு பக்கமாக ஆடிக்கொண்டிருந்தது.

விழாவின் உயிர் எங்கே இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். முன்வரிசை நடுவில் ஒரு கல்லூரித் தாளாளர் உட்கார்ந்திருந்தார். ஒல்லியான மனிதர், வாயே திறக்காதவர். புதுக் கட்டடத்துக்கு முந்நூறு நாற்காலிகள் அவருக்குத் தேவை. அந்த ஆர்டரை நம்பி நாற்காலிக்காரர் இரண்டாவது பட்டறைக்கு அஸ்திவாரமே போட்டுவிட்டார். ஆர்டர் வந்தால் அதன்மேல் சுவர் எழும்பும். வராவிட்டால் மழைத்தண்ணீர் தேங்கும். மண்டபம், மைக், மைத்துனர், எல்லாம் அந்த ஒரு மனிதருக்காகத்தான். நாங்கள் கைதட்டுவதற்கு.

நாற்காலிக்காரர் மேடையேறினார். தொண்டை தழுதழுத்தது. இந்த இனத்துக்கு மைக்கைக் கண்டால் தொண்டை தானாகவே தழுதழுக்கும்.

"நீங்கதான் என் குடும்பம்! நீங்க இல்லைன்னா நான் இல்லை!"

சொன்னதென்னவோ உருக்கமாகத்தான் இருந்தது. ஆனால் பார்வை முழுக்க முன்வரிசைமேல். அந்தக் குடும்பம் அதுவரை அவரிடம் ஒரு நாற்காலிக்கால்கூட வாங்கியதில்லை. பிறகு நன்றி எப்போது முடிந்தது, வியாபாரம் எப்போது தொடங்கியது என்று யாருக்கும் தெரியவில்லை. திரையில் புது மாடல் ஓடியது. அது திரும்பும் அழகைப் பற்றி மட்டும் அரைமணி நேரம் பேசினார். "எழுந்திருக்கவே வேண்டாம் சார், கால் நுனியால ஒரு தட்டு, பின்னாடி நடக்கிறது எல்லாம் தெரியும்!" அதற்குள் ஐஸ்கிரீம் வந்தது. முன்வரிசையோடு தீர்ந்தும் போனது. எங்களுக்கு பிஸ்கட்.

இந்த விழாக்களில் ஒரு சடங்கு உண்டு. பழைய வாடிக்கையாளர் ஒருவரை மேடைக்கு அழைத்து நாலு நல்ல வார்த்தை சொல்லவைப்பார்கள். புதியவர்கள் மயங்க வேண்டும். நாற்காலிக்காரரும் அந்தக் கட்டத்துக்கு வந்தார்.

"என் முதல் வாடிக்கையாளர், எனக்குக் கூடப்பிறக்காத அக்கா, பல் டாக்டர் அம்மா!" என்று முழங்கி, முன்வரிசையை நோக்கிக் கையை நீட்டினார்.

அக்காவை எங்கே உட்காரவைத்தோம் என்பது தம்பிக்குத் தெரியவில்லை.

"இங்க இருக்கேன்ப்பா," என்று தூணுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

முன்வரிசை முழுவதும் கால் நுனியால் ஒரு தட்டு தட்டியது. எல்லா நாற்காலிகளும் ஒன்றாகத் திரும்பின. சும்மா சொல்லக்கூடாது, சத்தமே இல்லாமல் வெண்ணெய் மாதிரித் திரும்பின. பின்னால் நடப்பது எல்லாம் தெரிந்தது: தூண், ஆடும் நாற்காலிகள், மடியில் பிஸ்கட்டோடு நாங்கள்.

டாக்டர் அம்மா மேடைக்குப் போகவில்லை. நின்ற இடத்திலிருந்தே பேசினார். "நாற்காலி நல்ல நாற்காலிங்க. என்கிட்ட வர்றவங்க பயத்துல கைப்பிடியை எப்படிப் பிடிப்பாங்கன்னு உங்களுக்குத் தெரியும். இத்தனை வருஷத்துல ஒண்ணுகூட ஆடலை." உட்கார்ந்துவிட்டார்.

ஒரு குறையும் சொல்லவில்லை. எனக்கு அவர்மேல் கோபமாக வந்தது. நானாக இருந்தால் மைக்கைப் பிடுங்கியிருப்பேன்.

அப்போதுதான் தாளாளர் வாய் திறந்தார். "டாக்டர் ஏன் அங்க உட்கார்ந்திருக்காங்க?"

"அவங்க எல்லாம் நம்ம ஆளுங்க சார்," என்றார் நாற்காலிக்காரர், வாயெல்லாம் பல்லாக. "தப்பா நினைக்க மாட்டாங்க!"

தாளாளர் எழுந்தார். கைகுலுக்கத்தான் வருகிறார் என்று நாற்காலிக்காரர் மேடையிலிருந்து இறங்கி ஓடிவந்து கையை நீட்டினார். அந்தக் கையைத் தாண்டி நடந்து வந்து, டாக்டர் அம்மாவுக்குப் பக்கத்தில் காலியாக இருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் தாளாளர் உட்கார்ந்தார். அதுவும் ஆடியது.

"சார், சார், அங்க எதுக்கு? உங்க இடம் முன்னாடி சார்!"

"ஆர்டர் குடுத்துட்டா நானும் நம்ம ஆளு ஆயிடுவேன்ல? அடுத்த வருஷம் இங்கதானே உட்காரணும்? இப்பவே பழகிக்கிறேன்."

முந்நூறு நாற்காலிகளும் வேறு கடைக்குப் போயின. அந்த அஸ்திவாரத்தில் இப்போது தவளைகள் குடியிருக்கின்றன. நாற்காலிக்காரர் திருந்தியிருப்பார் என்றுதானே நினைக்கிறீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன். வழியில் பார்த்தபோது என் தோளில் கைபோட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "தப்பு எங்கேன்னு கண்டுபிடிச்சுட்டேன் சார். அடுத்த வருஷம் பழைய ஆளுங்க யாரையும் கூப்பிடப் போறதில்லை. நீங்க நம்ம ஆளு, அதான் உங்ககிட்ட சொல்றேன்."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்களிடம் மண்டபமும் இல்லை, மைத்துனர் இருந்தாலும் அவர் உங்கள் பேச்சைக் கேட்பதில்லை. ஆனால் கடைசியாக உங்கள் வீட்டுக்குப் புதிதாக ஒரு பெரிய மனிதர் வந்தாரே, அப்போது சோபாவில் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தது யார்? உங்கள் அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது பெஞ்சில் உங்களோடு விழித்துக் கிடந்த அதே நண்பர்தானே? அவரிடம் என்ன சொல்லி எழுப்பினீர்கள்? எழுந்தவர் எங்கே போய் உட்கார்ந்தார்?

தப்பாக நினைக்காதீர்கள். நீங்கள் நம்ம ஆள், அதனால்தான் கேட்டேன்.