விதையைக் காணோம்

பத்து மணிக்கு வகுப்பைப் பார்க்க அதிகாரி வருகிறார். ஒன்பதரைக்கு டீச்சர் டப்பாவைத் திறந்து பார்த்தார். முந்தின நாள் வாங்கிய பதினாறு ஆப்பிளும் தோல் சீவி, விதை நீக்கி, காம்பு கிள்ளி, துண்டு துண்டாக அழகாய் அடுக்கப்பட்டிருந்தன.

இன்றைய பாடமோ பழத்தின் பகுதிகள். மழலையர் வகுப்பு என்பதால் குழந்தைகளே தொட்டு, பிரித்து, இது தோல், இது சதை, இது விதை, இது காம்பு என்று கண்டுபிடிக்க வேண்டும். அதிகாரிக்குப் பிடித்தால் டீச்சரின் தற்காலிக வேலை நிரந்தரமாகும். பிடிக்காவிட்டால் அடுத்த மாதம் வேறு பள்ளிக்கூடம் தேட வேண்டியதுதான். இந்த வாண்டுகளை விட்டுப் போக அவருக்கு மனசே இல்லை.

கணவருக்குப் போன் போட்டார்.

"என்னங்க, பழத்தை என்ன பண்ணி வச்சிருக்கீங்க?"

"சின்னப் பிள்ளைங்க, கடிக்கக் கஷ்டப்படுமேன்னு நறுக்கி வச்சேன். அஞ்சு மணிக்கே எழுந்துட்டேன், தெரியுமா?"

குரலில் அத்தனை பெருமை. திட்ட மனசு வரவில்லை.

"தோலு, விதையெல்லாம் எங்கே?"

"குப்பை வண்டியில போட்டுட்டேன். அடுக்களை பளபளன்னு இருக்கு, வந்து பாரு."

டீச்சர் ஆயாவைக் கடைக்கு விரட்டினார். ஆயா மூச்சிரைக்கத் திரும்பி வந்து ஒரு பை திராட்சையை மேசையில் வைத்தார்.

"விதையில்லாததாப் பாத்து வாங்கியிருக்கேன் டீச்சர். பிள்ளைங்க தொண்டையில சிக்கிடக் கூடாதுல்ல."

எல்லோருக்கும் குழந்தைகள் மேல் பாசம். அந்தப் பாசத்தில் ஒரு விதைகூட உயிர் பிழைக்கவில்லை. இந்தப் பேச்சு நடந்துகொண்டிருந்தபோதே டப்பாவோடு திராட்சைப் பையும் காலியாகிவிட்டது. பதினாறு வாய்கள் அசைந்துகொண்டிருந்தன.

டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டார். கை வைத்த இடத்திலேயே ஒரு யோசனை வந்தது. பழம் இல்லாவிட்டால் என்ன, பிள்ளைகள் இருக்கிறார்களே.

"எல்லாரும் எழுந்து வாங்க. இப்ப நாமளே ஒரு பழம்."

ஒன்பது பேர் கைகோத்து வட்டமாக நின்று தோல் ஆனார்கள். ஆறு பேர் உள்ளே நெருக்கியடித்துக்கொண்டு சதை ஆனார்கள். எல்லோரையும்விடக் குட்டியான பெண், செல்லப்பெயர் குண்டுமணி, நடுவில் குந்தி உட்கார்ந்து விதை ஆனாள். ஆயா விறைப்பாக நின்று காம்பு ஆனார். பழம் நன்றாகத்தான் இருந்தது, ஒரு நிமிஷம்.

"டீச்சர், சதை என்னைக் கிள்ளுது."

"தோலுதான் டீச்சர் முதல்ல மிதிச்சுச்சு."

பஞ்சாயத்தை முடித்துவிட்டுப் பார்த்தால் நடுவில் யாருமில்லை.

"விதை எங்கே?"

"ஒண்ணுக்குப் போயிருக்கும் டீச்சர்," என்றது சதை.

தோலிலிருந்து இரண்டு பேரைக் கழிவறைக்கு அனுப்பினார். அவர்கள் திரும்பவில்லை. அவர்களைக் கூட்டிவரக் காம்பை அனுப்பினார். பிள்ளைகள் குழாயைத் திறந்து தொப்பலாக நனைந்திருப்பதாகவும், விதை அங்கே இல்லையென்றும் காம்பு அங்கிருந்தே குரல் கொடுத்தது.

அப்போது தலைமையாசிரியை எட்டிப் பார்த்தார்.

"அதிகாரி கார் வந்தாச்சு. பழம் ரெடியா?"

"இதுதான் மேடம் பழம்."

அவர் ஓட்டை விழுந்த வட்டத்தை மேலும் கீழும் பார்த்தார்.

"விதையைக் காணோமே?"

"அதைத்தான் மேடம் தேடப் போறேன்."

"அதிகாரி வரும்போது நீங்க வகுப்புல இல்லேன்னா, அப்புறம் என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

வேலை போனால் போகட்டும், குழந்தை கிடைத்தால் போதும் என்றுதான் டீச்சருக்குத் தோன்றியது.

"மேடம், கொஞ்ச நேரம் நீங்க காம்பா நில்லுங்க," என்று சொல்லிவிட்டு ஓடினார்.

ஊஞ்சலில் இல்லை. சாமான் அறையில் இல்லை. பின்பக்கத் தோட்டத்துக்கு வந்தபோதுதான் உயிர் வந்தது. புதிதாகக் கொத்திய பாத்தியில், இடுப்புவரை மண்ணைக் குவித்துக்கொண்டு குண்டுமணி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் நரைத்த தலையோடு ஓர் அம்மாள், செருப்பைக் கழற்றி வைத்து, கணுக்கால்வரை மண்ணில் புதைத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். புதிதாக வந்த தோட்டக்காரம்மா போலிருக்கிறது. பயமெல்லாம் கோபமாக மாறியது.

"ஏம்மா, பெரியவங்க நீங்களே இப்படிப் பண்ணலாமா? பிள்ளையைக் காணோம்னு எனக்கு உயிரே போயிடுச்சு. இந்நேரம் என் வேலையும் போயிருக்கும்."

"போகாதும்மா," என்றார் அவர், கண்ணைத் திறக்காமலே.

குண்டுமணி உதட்டில் விரலை வைத்தாள்.

"சத்தம் போடாதீங்க டீச்சர், இவங்கதான் நம்ம கிளாஸைப் பாக்க வந்த ஆபீசர். தோலு, சதை, காம்பு எல்லாம் நானே சொல்லிக் குடுத்துட்டேன், இவங்க முளைச்சதும் கூட்டிட்டு வர்றேன்."